மிட்டாய் வழங்கல் அலுவலர்

குடிமைப்பொருள் வழங்கல் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு வீட்டில் என்ன பதவி கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது மிட்டாய் வழங்கல் அலுவலர் பதவி. நியமன உத்தரவை மகள் வாய்மொழியாகவே பிறப்பித்தாள்.

"அப்பா, ஊருக்கெல்லாம் சர்க்கரை அளந்து கொடுத்தவர்தானே நீங்க? இவளுக்கும் அளந்து கொடுங்க. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் கிளம்பிட்டா அம்மா இஷ்டத்துக்குக் கொடுத்துடறாங்க."

சம்பளம் இல்லை, பயணப்படி இல்லை. அதிகார எல்லை சென்னை தரமணியில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட். பயனாளி ஒரே ஒருத்தி. வயது ஐந்து, யு.கே.ஜி. எதிர்க்கட்சி என் மனைவி.

சர்க்கரை அளப்பதைச் சில்லறை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். நான் சர்வீஸில் சேர்ந்த எண்பதுகளில் அது ராஜாங்கக் காரியம். ஆலை உற்பத்தியில் ஒரு பங்கை அரசு 'லெவி' என்று குறைந்த விலைக்கு எடுத்து ரேஷனில் போடும். 2013-ல்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள். எனக்கு முந்தைய தலைமுறை அலுவலர்கள், பெண்ணைப் பெற்றவர்கள் கல்யாணப் பத்திரிகையோடு சர்க்கரை பர்மிட்டுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்த கதைகளைச் சொல்வார்கள். சீர்வரிசையில் ஒன்று குறைந்தால்கூடப் பேசிச் சமாளிக்கலாம். காபியில் சர்க்கரை குறைந்தால் சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அரிசி வேண்டாம், சர்க்கரையைக் கூட்டிக் கொடுங்கள் என்பவர்களுக்குத் தனியாக சர்க்கரை அட்டையே வைத்திருக்கும் மாநிலம் இது.

அப்பேர்ப்பட்ட துறையில் பழம் தின்று கொட்டை போட்டவன், பொறுப்பேற்றதும் முதலில் ஒதுக்கீடு எவ்வளவு என்று பார்த்தேன். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஒருவர் சாப்பிடும் மொத்தக் கலோரியில் மேற்கொண்டு சேர்க்கும் சர்க்கரையின் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நாலிலிருந்து ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,360 கலோரி தேவை என்கிறது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதில் 5 சதவீதம் 68 கலோரி. சர்க்கரை கிராமுக்கு 4 கலோரி. ஆக, நாளைக்கு 17 கிராம், சுமார் நாலு டீஸ்பூன்.

எழுதி முடித்ததும் பழைய தொழில் புத்தி ஒரு வேலை செய்தது. நம் ரேஷன் கடையில் ஆளுக்கு மாதம் அரைக் கிலோ சர்க்கரை. 500-ஐ முப்பதால் வகுத்தேன். 16.7 கிராம்! ஜெனீவாவில் நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த அளவும், எங்கள் கடை எடையாளர் பாதித் தூக்கத்தில் தராசில் தட்டுகிற அளவும் பேத்தி விஷயத்தில் ஒன்றாக இருக்கின்றன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அப்ப ரேஷன்லேர்ந்து வர்றதை அப்படியே குழந்தைக்குக் கொடுத்துடலாம்னு சொல்லுங்க" என்றாள். எதிர்க்கட்சிக்குப் புள்ளிவிவரம் கொடுக்கக் கூடாது என்று அனுபவஸ்தர்கள் சொன்னது சரிதான். தவிர, அட்டைக்கு 2 கிலோதான் உச்சவரம்பு. வீட்டில் ஐந்து பேர். பேத்தியின் பங்கில் விழும் துண்டை என் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்கிறேன். எனக்குத்தான் சர்க்கரை வியாதி ஆயிற்றே.

பங்கீட்டைக் கையில் எடுத்த பிறகுதான் அந்த 17 கிராமில் பெரும்பகுதி மிட்டாய் என்ற பேச்சே வருவதற்கு முன்னால் செலவாகிவிடுவது தெரிந்தது. பாலில் கலக்கும் பொடியைத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருந்த டப்பாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். முன்பக்கம் ஒரு பையன் கூடைப்பந்து வளையத்தைத் தொடுகிறான். பின்பக்கம், எறும்பு எழுதியது மாதிரி எழுத்தில், நூறு கிராமுக்கு முப்பது கிராமுக்கு மேல் சர்க்கரை. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அதற்கு மேல் பாட்டி போடும் "ஒரே ஒரு ஸ்பூன்". அத்தோடு அன்றைய ஒதுக்கீடு தீர்ந்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று இணைய அங்காடிகளுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாதாம். கிடையாத ஒன்றை இத்தனை வருஷம் ஆற்றிக் குடித்திருக்கிறோம். பொடியை நிறுத்தி வெறும் பால் கொடுத்தபோது பேத்தி டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, பால் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டாள்.

அடுத்த பிரச்னை நாட்டுச் சர்க்கரை. என் மனைவியும், திருவான்மியூரில் இருக்கும் ஆர்கானிக் கடைக்காரரும் சேர்ந்து கட்டிவைத்திருக்கும் நம்பிக்கை இது: நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் இதெல்லாம் கணக்கில் வராது. வரும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் தேனும் பழச்சாறும்கூட உண்டு. வெல்லத்தின் பெரும்பகுதி ஆலைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். வெள்ளை வேட்டிக்குப் பதில் காவி வேட்டி கட்டிக்கொண்டு வந்தால் ஆள் மாறிவிடுவானா? இதைச் சொன்னதற்கு, "உங்க அம்மா வெல்லம் போட்டுக் கொடுத்துதான் நீங்க வளர்ந்தீங்க" என்றாள் மனைவி. வளர்ந்தவன் இப்போது மாத்திரை டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறான் என்பதை அவள் சௌகரியமாக மறந்துவிட்டாள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு என்று 2023-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. நம் கோபாலபுரத்து மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு. அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு ஓரமாக நிற்கிறேன்.

வீட்டுக்குள் இருப்பைச் சரிபார்த்தாயிற்று. இனி கசிவு. ரேஷனில் கசிவு என்றால் கடை, கிடங்கு, லாரி என்று இடம் தெரியும். பறக்கும் படையை அனுப்பலாம். மிட்டாய்க் கசிவுக்கு வாசலே கிடையாது. மளிகைக் கடை அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சில்லறை இல்லை என்று ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் மிட்டாயைத் தள்ளிவிட்ட காலம் ஒன்று இருந்தது. செல்போனில் பணம் அனுப்பும் வழக்கம் வந்ததும் சில்லறைப் பஞ்சம் ஒழிந்தது, மிட்டாயும் ஒழிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அண்ணாச்சி விடவில்லை. பணம் வந்துவிட்டது என்று கல்லாவில் இருக்கும் பேசும் பெட்டி அறிவித்த கையோடு ஜாடிக்குள் கையை விட்டு, "பாப்பாவுக்கு" என்று ஒன்றை நீட்டுகிறார். முன்பு அது நமக்குச் சேர வேண்டிய காசு; வேண்டாம் என்று சண்டை போட முடிந்தது. இப்போது அன்பு. அன்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

லிஃப்டில் எதிர் ஃபிளாட் மாமி, கைப்பையில் எப்போதும் ஒரு சாக்லேட். அடுக்ககத்தின் செக்யூரிட்டி அண்ணன், ஊருக்குப் போய்வந்தால் கோவில்பட்டிக் கடலை மிட்டாய். மருமகன் ஆபீஸில் யாருக்காவது பிரமோஷன் என்றால் ஸ்வீட் பெட்டி. யாராவது வேலையை விட்டுப் போனாலும் பெட்டி. அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பெட்டியின் பாதி எடைக்குச் சாக்லேட் கொண்டுவருகிறார்கள். மீதி எடை வரும்போது சாக்லேட்டைச் சுற்றி வைத்த பழைய துணி. இவர்களில் யாரைக் கேட்டாலும், "ஒண்ணே ஒண்ணுதானே கொடுத்தேன்" என்பார்கள். உண்மைதான். தலைக்கு ஒன்றுதான். தலைகள்தான் அதிகம்.

பள்ளிக்கூடத்தில் பிறந்த நாள் சாக்லேட்டுக்குத் தடை. ஆகவே பென்சில் கொடுக்கிறார்கள்; பென்சிலோடு ரப்பர் பேண்ட் போட்டு ஒரு சாக்லேட். 2020-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. கொழுப்போ சர்க்கரையோ உப்போ மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவுக்குள்ளும் விற்கக் கூடாது. கேள்விப்பட்டதும் ரத்தம் சூடேறி, பேத்தியை விடப் போனபோது வாசலிலிருந்து அடி அளந்தேன். ஐம்பது மீட்டரில் ஒரு மின்கம்பம் இருக்கிறது. கம்பத்துக்கு அந்தப்புறம், விதியைக் கரைத்துக் குடித்தவர் போல, ஒருவர் சர்பத் வண்டியை நிறுத்தியிருக்கிறார். "என்ன சார் அளக்கறீங்க, ரோடு வெட்டப் போறாங்களா?" என்று கவலையோடு கேட்டார்.

தரமணியின் பூகோளமே என் வேலைக்கு விரோதமாக அமைந்தது. டைடல் பார்க் பக்கம் போனால் சி.ஐ.டி. வளாகத்தில் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரி. கேக்குக்கு ஐசிங் போடுவதை அங்கே பாடமாகவே நடத்துகிறார்கள். கொஞ்சம் தள்ளி எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம். கொல்லிமலை விவசாயிகளோடு சேர்ந்து சாமையையும் தினையையும் மீட்டெடுக்கப் பல வருஷம் உழைத்தவர்கள். பேத்தியின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்க வேண்டியதில்லை. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த 2023-ல் என் மகள் ராகி லட்டு, கம்பு லட்டு, தினை லட்டு என்று வீட்டை உலுக்கிவிட்டாள். சத்துதான், சந்தேகமில்லை. ஆனால் லட்டு உருண்டையாகப் பிடிபட வெல்லம் வேண்டுமே! சிறுதானியத்தின் தோளில் ஏறிக்கொண்டு வெல்லம் வீட்டுக்குள் வந்தது. சர்வீஸில் இதைப் போலி அட்டை என்போம்.

அப்புறம் வந்தது சுவீடன் திட்டம். மகள் எதையோ படித்துவிட்டு, "இனிமே சனிக்கிழமை மட்டும்தான் ஸ்வீட்" என்று அறிவித்தாள். இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. 1940-களில் சுவீடனில் விப்பெஹோல்ம் என்ற, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான காப்பகத்தில் இருந்தவர்களுக்கு, அவர்கள் சம்மதத்தைக் கேட்காமலேயே, பல்லில் ஒட்டும் டாஃபியைத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். பாவம், பற்கள் சொத்தையாயின. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வரும் காரியம். ஆனால் அதிலிருந்து தெரிந்த விஷயம் பெரியது: பல்லைக் கெடுப்பதில் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதைவிட, சாப்பாட்டுக்கு இடையில் எத்தனை முறை சாப்பிட்டோம், அது எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே முக்கியம். அதனால்தான் அந்த ஊரில் குழந்தைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை, மிட்டாய் என்று பழக்கப்படுத்தினார்கள். இன்றும் அங்கே அது வழக்கம்.

சுவீடனில் சனிக்கிழமை நடக்கும். அங்கே திங்கள் முதல் வெள்ளி வரை சாமி கும்பிடுவதில்லை. இங்கே வியாழக்கிழமை தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை என்றால் பரவாயில்லை, சுண்டல். வெள்ளிக்கிழமை அம்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல். சங்கடஹர சதுர்த்திக்குக் கொழுக்கட்டை. பிரதோஷத்தன்று மருந்தீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் தொன்னையை நீட்டினால், எந்தப் புண்ணியவானின் உபயமோ, கேசரி. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எந்த வழங்கல் அலுவலருக்கு உண்டு? "அரசாங்கமே ஸ்கூல்ல கேசரி போட்டிருக்கு, நீங்க என்ன பெரிசா" என்று மனைவி வேறு மடக்கினாள். அதுவும் உண்மை, காலை உணவுத் திட்டம் 2022-ல் தொடங்கியபோது வெள்ளிக்கிழமைப் பட்டியலில் கேசரி இருந்தது. எஞ்சிய சனிக்கிழமையோ பெருமாளுக்குரியது. புரட்டாசி வந்தபோது சுவீடன் திட்டம் தானாகவே வாபஸ் ஆனது.

வெளியே அடைக்க முடியாத ஓட்டையை வீட்டுக்குள் அடைப்போம் என்று மகள் பதுக்கலில் இறங்கினாள். மிக்ஸர், முறுக்கு, பிஸ்கட், மைசூர்பாகு எல்லாம் ஒரு பெரிய எவர்சில்வர் சம்படத்தில் போய், சம்படம் பரணுக்குப் போனது. அந்தச் சம்படத்தின் மூடி கொஞ்சம் நெளிந்திருந்தது. திறக்கும்போது முதலில் ஒரு முனகல், பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். பேத்தி பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு படம் வரைந்துகொண்டிருப்பாள். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. சமையலறையில் நான் முக்காலி மேல் ஏறி நின்று, மூடியை ஈரத்துணியால் பொத்தி, மூச்சைப் பிடித்துத் திறப்பேன். அந்த 'டக்' பாதி வருவதற்குள் முக்காலியின் கீழே நிற்பாள். "தாத்தா, எறும்பு வந்திருக்கான்னு பாக்கறியா?" என்பாள். குழந்தையே நமக்குச் சமாதானம் எடுத்துக் கொடுக்கும்போது என்ன செய்ய முடியும்?

இதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷர், லீயன் பிர்ச் என்ற இரு பெண்கள், ஆப்பிள் கூழ் வைத்த பிஸ்கட், பீச் கூழ் வைத்த பிஸ்கட் என்று இரண்டை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைத் தாராளமாக வைத்தார்கள். இன்னொன்றைக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டு, இப்போது கிடையாது என்றார்கள். குழந்தைகள் கிடையாததைப் பற்றியே பேசினார்கள், அதையே கேட்டார்கள். சினிமா டிக்கெட்டிலிருந்து மண்ணெண்ணெய் வரை பார்த்தவனுக்கு இதில் ஆச்சரியமில்லை. தட்டுப்பாடு என்ற வதந்தி கிளம்பினால் வேண்டாதவனும் வரிசையில் நிற்பான்.

"ஸ்வீட் சாப்பிட்டா இவ தலைகீழா ஆடறா" என்பது மகளின் இன்னொரு குற்றச்சாட்டு. இதில் மட்டும் நான் பேத்தியின் வக்கீல். 1994-ல் வெளிவந்த ஒரு சோதனையில், பையன்கள் எல்லோருக்கும் சர்க்கரையே இல்லாத பானம்தான் கொடுத்தார்கள். பாதி அம்மாக்களிடம் மட்டும், "உங்கள் பிள்ளைக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். அந்த அம்மாக்கள்தான், "பார்த்தீங்களா, எப்படிக் குதிக்கிறான்!" என்றார்கள். அடுத்த ஆண்டு, இது மாதிரிப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் சர்க்கரைக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் காணவில்லை. பிறந்த நாள் விழாவில் முப்பது குழந்தைகளை ஒரு ஹாலில் அடைத்துப் பாட்டுப் போட்டால் கேக் இல்லாமலேயே ஆடும். எங்கள் பேத்தி பாகற்காய்ப் பொரியல் சாப்பிட்டுவிட்டும் சோபாவிலிருந்து குதிக்கிறாள்.

அரசாங்கம் ஒரு மிட்டாய்மீது நேரடியாகப் போர் தொடுத்ததையும் பார்த்தாயிற்று. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி இருப்பது தெரிந்தது. துணிக்குப் போடுகிற சாயம். முதலில் புதுச்சேரி, அடுத்த சில நாளில் தமிழ்நாடு, தடை. என் சர்வீஸில் ஒரு கோப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்து பார்த்ததில்லை. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் கம்பில் கட்டிய ரோஸ் நிறப் பொட்டலங்கள் காணாமல் போயின. அன்று நாலு வயதுப் பேத்தி கடற்கரையில் இங்கும் அங்கும் தேடிவிட்டு, "தாத்தா, ரோஸ் மிட்டாயைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் சாப்பிட்டாள். கிடைக்கவே கிடைக்காது என்று உறுதியாகத் தெரிந்த பண்டத்துக்காக அவள் ஒருநாளும் அழுததில்லை. பரண்மேல் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அழுகை.

ஆகவே பரணைக் காலி செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். மகள் ஒப்புக்கொண்டாள். வீட்டில் இருப்பு வைப்பதில்லை. வேண்டும்போது அரைக்கால் கிலோ, தீர்ந்தால் தீர்ந்தது. இனிப்பு சாப்பாட்டோடு, தட்டிலேயே, சாம்பார் சாதத்துக்குப் பக்கத்தில். அதை முதலில் தின்றாலும் கேள்வி கேட்பதில்லை. "காயைச் சாப்பிட்டால் ஸ்வீட்" என்ற பேரம் ரத்து. அது காயைத் தண்டனையாகவும் ஸ்வீட்டைப் பதக்கமாகவும் ஆக்கிவிடுகிறது. என்ன பண்டம், எப்போது என்பது பெரியவர்கள் பாடு, தட்டில் இருப்பதில் எவ்வளவு என்பது குழந்தையின் பாடு என்று எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் பிரித்திருக்கிறார்; நல்ல பிரிவினை, எங்கள் துறையில் இருந்திருந்தால் பாதி வழக்குகள் வந்திருக்காது. சாயங்காலம் நாலரை மணிக்கு அவித்த வேர்க்கடலையோ வாழைப்பழமோ சுண்டலோ உண்டு. அண்ணாச்சியின் அன்பு ஒரு டப்பாவில் சேர்ந்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டுவாடா ஆகிறது; உடனே பல் துலக்கல். முதல் மாதம் டப்பாவில் இருப்புக் குறைந்தபடியே இருந்தது. விசாரித்ததில் குற்றவாளி பயனாளி அல்ல. எதிர்க்கட்சி.

இந்த நிலையில்தான் தீபாவளி வருகிறது. மகள் ஆபீஸ் பெட்டி, மருமகன் ஆபீஸ் பெட்டி, எதிர் ஃபிளாட் மாமியின் தட்டு, அடையாறில் இருக்கும் சம்பந்தி வீட்டுத் தூக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மனைவி நேற்றே ஊறப்போட்டுவிட்ட அதிரச அரிசி. பேத்தி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எனக்கு மனு கொடுத்திருக்கிறாள். நாலு கோடு போட்ட தாள், பென்சில் எழுத்து, 'ல'வும் 'வ'வும் திரும்பி நிற்கின்றன. கேட்டிருப்பது: லட்டு ஒன்று, அதிரசம் ஒன்று, தாத்தாவுக்கு அரை. மூன்றாவது இனம் விதிகளின்படி என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டு மகள் மேஜையில் வைத்திருக்கிறேன். மகள் இன்னும் ஆபீஸிலிருந்து வரவில்லை. டைடல் பார்க் சிக்னலில் நிற்கிறாளாம்.